நகர சபைத் தலைவர் சர். பிட்டி. தியாகராயர்

எம்மூராகிய கூடுவாஞ்சேரி, நந்திவரத்தோடு சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் நகராட்சி ஆயிற்று. அதுமுதல் எங்கள் தெருவார் பேச்சில் வீட்டுவரி, குடிநீர்க் குழாய், கால்வாய், குப்பைவண்டி என்பனவே மிகுதியும் அடிபடுகின்றன. இவற்றைப் பேசுவாரை உலகம் பெரிதாக மதிப்பதில்லை. நாடாளும் பேச்சன்றோ மேடைக்கு ஏற்றது! யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, தியாகராய நகரில் துணி வாங்கி மீண்ட நாள்கள் பல. அப்பெயருக்குரியவர் யாவர் என்று ஒருநாளேனும் வினவியதில்லை. வினவிய பின்னரே, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நாற்பது ஆண்டு செலவிட்ட ஒரு செல்வரின் வரலாறு எனக்குத் தெரியலாயிற்று.

பிட்டி தியாகராய செட்டியார் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்தார். வடசென்னையைச் சேர்ந்த கொருக்குப்பேட்டையில் வாழ்ந்த அவர் குடும்பம் தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். நெசவும் தோல் வாணிகமும் அவர்க்குப் பெருஞ்செல்வம் தந்தன. மாநிலக் கல்லூரியில் பயின்று 1876-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றோர் பலரும் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். இவரோ தறியை நாடினார். பிட்டி நெசவாலை என்ற பெயரால் ஏறத்தாழ நூறு தறிகளை நிறுவி, விரைந்தோடும் நாடாவை அவற்றிற் புகுத்தினார். கணக்கைத் தாமே பார்க்கும் வழக்கம் தொழிலில் வந்தது; பின்னாளில் நகர சபையிலும் அது அவருக்குக் கைகொடுத்திருத்தல் வேண்டும்.

1882-ஆம் ஆண்டில் அவர் சென்னை நகர சபையின் அங்கத்தினரானார். இந்தியரிடம் ஸ்தல சுயாட்சியை ஒப்படைத்தல் வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்மானத்தை ரிப்பன் பிரபு வெளியிட்டதும் அவ்வாண்டே. அப்பிரபுவின் பெயரால் 1913-இல் எழுந்த வெள்ளை மாளிகையில் நகர சபை கூடத் தொடங்கியபோது, செட்டியார் அங்கத்தினராகி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

முப்பது ஆண்டு என எழுதுதல் எளிது. அவ்வாண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? செங்குன்றத்து ஏரியிலிருந்து வரும் நீர் எத்தெருவரை எட்டுகின்றது, எந்த வட்டாரத்தில் வரி பாக்கி நிற்கின்றது, எந்தக் குத்தகைதாரர் கூறும் விலை மிகை, எந்தச் சந்தில் பேதி பரவுகின்றது என்பனவே ஒவ்வொரு கூட்டத்தும் வரும் பொருள்கள். இவற்றைக் கேட்டுக்கேட்டுச் சலித்து விலகுவோரே பலர். செட்டியார் விலகவில்லை. 1688 முதல் நடந்துவரும் அப்பழைய சபைக்கு நெடுங்காலம் அரசாங்கமே தலைவரை அமர்த்தி வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அங்கத்தினரே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயரே.

அவருடைய அரசியல் வாழ்வை விரித்தெழுதியோர் பலராதலின் ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். முதலில் அவர் காங்கிரஸ்காரர். நகர சபையில் டாக்டர் டி. எம். நாயரும் அவரும் எதிரெதிர் நின்றவர்கள். டாக்டர் சி. நடேச முதலியார் அவ்விருவரையும் ஒன்றுகூட்ட, 1916 நவம்பரில் நீதிக்கட்சி எனப் பின்னர் வழங்கிய இயக்கம் தோன்றியது. கட்சியில் எத்துணைப் புதுமை பேசினாரோ, இல்லத்தில் அத்துணைப் பழமை பேணினார் என்பதை மறைத்தல் நன்றன்று. கோயில் திருப்பணிகளுக்குப் பொருளை வாரி வழங்கியவர் அவர். உடுப்பதும் என்றும் வெள்ளுடையே. அரச குடும்பத்தார் சென்னைக்கு வந்தபோதும், நகரத் தலைவர்க்குரிய அங்கியை அணியாமல் தம் வெள்ளை உடையோடே வரவேற்க இசைவு பெற்றார் என்பர். வெள்ளுடை வேந்தர் என மக்கள் அழைத்ததும் அதனாலேயே.

1920-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் அவர் கட்சி வென்றது. முதன்மந்திரியாகுமாறு கவர்னர் வில்லிங்டன் பிரபு அழைத்தார். செட்டியார் மறுத்துவிட, கடலூர்ச் சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். வரலாற்று நூல்கள் வியந்து கூறுவது இத்துறவினையே. எனக்கோ, அதற்கு மூன்று திங்கள் முன்னர் நிகழ்ந்த சிறியதொரு செயலே பெரிதாகத் தோன்றுகின்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் நகர சபை கூடியது. ஆயிரம் விளக்கிலிருந்த நகர சபைப் பள்ளி பற்றிய பொருள் வந்தது. அங்குப் பயிலும் சிறுவர் மிக வறியர் என்றும், அவ்வறுமையால் பள்ளியின் தொகை குன்றுகின்றதென்றும் தலைவர் எடுத்துரைத்தார். மாணாக்கர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. நூறு சிறுவர்க்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் நான்கணா ஆகும். அத்தொகைக்கு மேற்படாமை என்ற வரம்பிலே நெடுநாள் கணக்குப் பார்த்த கை தெரிகின்றது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது தாய்மார் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அதை நகரத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதுவித்தவர் அவர். விடுதியில் மணியடித்தவுடன் உண்ணச் செல்லும் நாம் அவ்வரியின் அருமையை எளிதில் உணரோம்.

திட்டம் பிற பள்ளிகட்கும் பரவியது. அவ்வாறு உணவளித்த ஐந்து பள்ளிகளில் 1922-23-ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25-ஆம் ஆண்டில் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இருமடங்குக்கு மேல்! இதனை நோக்கின், அப்பிள்ளைகள் கல்வியை வெறுத்துப் பள்ளிக்கு வாராதிருந்தாரல்லர் என்பது தெளிவு.

ஆனால் சட்டம் குறுக்கிட்டது. ஆரம்பக் கல்விக்கென ஒதுக்கிய நிதியைச் சிறுவர் உணவுக்குச் செலவிட 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடந்தரவில்லை என்று அரசாங்கம் கண்டது. பலகைக்கும் சுவருக்கும் செலவிடலாம். உட்கார்ந்து படிப்பவன் வயிற்றுக்குச் செலவிடலாகாது! 1925 ஏப்ரல் முதல் நாளோடு உணவு நின்றது. அக்காலத்தில் மாகாணத்தை ஆண்டது அவர் நிறுவிய கட்சியே என்பதை எண்ணுங்கால் நெஞ்சு வருந்துகின்றது.

அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார். மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்து அந்நாளில் உருவாகிவந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயரை இட்டனர். ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவர் உருவச்சிலை நிற்கின்றது.

நகர சபை வாளாவிருக்கவில்லை. மீண்டும் மீண்டும் அரசாங்கத்தை வேண்டி, 1927-இல் இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழைச் சிறுவர்க்கு உணவளிக்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் அதன்பின் வந்தவை. சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர் ஒருநாள், எம்மூர் அரசாங்கப் பள்ளி வழியே காலையில் ரயிலுக்கு விரைந்தேன். தாழ்வாரத்திலே தட்டுகளோடு சிறுவர் வரிசையாய் அமர்ந்திருந்தனர். ஒருத்தி இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.