நூலே ஆசிரியரானது

இசையைக் கேட்டு மகிழச் செவி போதும். அதன் இலக்கணத்தைக் கற்க வழிகாட்டி வேண்டும். தமிழ்ப்பள்ளியிலும் பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற எனக்கு அப்படியொரு வழிகாட்டி அமையவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் நூல்களின் துணையை நாடினேன். ஆனால், எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது? ஜோசப் ஹைடனின் இளமைக்காலம் எனக்கு விடை தந்தது.

1732ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் ரோராவ் எனும் சிற்றூரில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஹைடன். எட்டு வயதில் வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கே பாடக் கற்றார். இசையமைக்கும் இலக்கணத்தை அவருக்கு முறையாகக் கற்பிப்பார் இல்லை. குரல் உடைந்ததும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கூரையடியில் ஓர் அறையும் பழைய இசைக்கருவி ஒன்றுமே எஞ்சின. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வயிற்றைக் கழுவியவர் தமக்கென ஓர் ஆசிரியரை எப்படி அமர்த்துவார்?

அவர் நாடியது, யோகான் ஃபுக்ஸ் 1725இல் இலத்தீனில் வெளியிட்ட ‘கிராடுஸ் அட் பர்னாசும்’ என்ற நூலை. ‘பர்னாசஸ் மலைக்குச் செல்லும் படிகள்’ என்பது அதன் பொருள். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. கொடுக்கப்பட்ட மெட்டுக்கு இணையாக மாணவர் இன்னொரு மெட்டை எழுத வேண்டும். முதலில் ஒரு சுரத்திற்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. இப்படி ஐந்து படிகள். இரண்டு குரல்களில் தேர்ந்தபின் மூன்று, அதன்பின் நான்கு.

ஹைடன் அதை வாசித்ததோடு நிற்கவில்லை. பயிற்சிகளை எழுதினார். எழுதியதைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்தார். பின்னர் மீண்டும் எடுத்துத் தம் பிழைகளைத் தாமே திருத்தினார்.

இந்த உழைப்பின் மேல் எழுந்தவையே நூற்றுக்கும் மேற்பட்ட அவருடைய சிம்பொனிகள். 1792இல் தம்மிடம் பயில வியன்னாவுக்கு வந்த இளம் பீத்தோவனுக்கும் அவர் ஃபுக்ஸின் முறையிலேயே பயிற்சி அளித்தார். 1809இல் ஹைடன் மறைந்தார்.

நண்பர்களே, இசை இலக்கண நூலைத் தேடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக அழைத்துச் செல்கிறதா? ஒவ்வொரு படியிலும் பயிற்சி தருகிறதா? நம் பிழையை நாமே காண வழி செய்கிறதா? தடித்த நூல்கள் பலவற்றை விடுத்து, பயிற்சிகளும் விடைகளும் கொண்ட மெல்லிய நூல் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். இருபத்திரண்டு வயதில் தொடங்குவது தாமதமன்று. இனி வேண்டியது ஹைடனின் பொறுமையே!