காலரா நச்சைக் கண்டறிந்த கொல்கத்தா விஞ்ஞானி சம்பு நாத் டே

காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவை ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் தனித்துப் பிரித்தெடுத்தார். அது ஒரு நச்சைச் சுரந்தே உயிரைப் பறிக்கிறது என்றும் அவர் கருதினார். அந்த நச்சை மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் ஆயின. மெய்ப்பித்தவர் அதே நகரின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்பு நாத் டே.

வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் எளிய குடும்பத்தில் பிறந்த டே, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். லண்டனில் முனைவர் பட்டம் பெற்று 1949-இல் தாயகம் திரும்பினார். காலரா அப்போதும் வங்கத்தில் ஆண்டுதோறும் உயிர்களைக் காவு கொண்டிருந்தது.

நச்சைத் தேடிய பலர் விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ கிருமியைச் செலுத்தி ஏமாந்தனர். நோய் குடலில் நிகழும்போது சோதனையும் குடலுக்குள்ளேயே நடைபெற வேண்டும் என்று டே முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் புடைத்திருந்தது. 1953-இல் வெளியான இச்சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பின்னர் கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தியபோதும் குடல் அவ்வாறே புடைத்தது. இம்முடிவு 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

நச்சு செயல்படும் விதத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர். குடற்சுவரின் செல்கள் வழக்கமாக உப்பை உறிஞ்சும். உப்பைத் தொடர்ந்து நீரும் சவ்வூடு பரவல் மூலம் உள்ளே வரும். காலரா நச்சு செல் சவ்வில் ஒட்டிக்கொண்டு உட்புகுந்து, குளோரைடு வெளியேறும் வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. செல் சிதைவதில்லை, ஆயினும் கடுமையான பாதிப்பில் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும்.

குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளிழுக்கும் மற்றொரு வழியை இந்நச்சு தொடுவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பயனளிப்பது இதனால்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். அங்கு 30 சதவீதம் வரை இருந்த காலரா இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

டேயின் பெயரோ இந்தியாவில் பெரிதாகப் பேசப்படவில்லை. 1973-இல் அவர் ஓய்வு பெற்றபோது நாட்டின் முன்னணி அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. அமெரிக்க நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் மட்டும் அவரை ஒரு முறைக்கு மேல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் காலரா குறித்து ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற நோபல் கருத்தரங்கிற்கும் அவர் அழைக்கப்பட்டார். 1985-இல் அவர் மறைந்தார். பெங்களூருவிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-இல்.