பத்து அணாவுக்குக் கிடைத்த விடை

மலேரியா காய்ச்சல் எப்படி வருகிறது? 1890-ம் ஆண்டு வாக்கில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் கிடைத்தது. சதுப்பு நிலத்தில் இருந்து கிளம்பும் விஷக் காற்று என்றார்கள் சிலர். கெட்ட தண்ணீர் என்றார்கள் வேறு சிலர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். பதில்களுக்குப் பஞ்சம் இல்லை. நிச்சயமான பதில்தான் இல்லை.

அந்தப் பதிலைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் 1857-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் தளபதி. மகன் டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய கட்டளை. மகனுக்கோ கவிதை எழுத ஆசை. வேண்டா வெறுப்பாக லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1881-ம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார்.

பெங்களூர் பீப்பாய்

1883-ம் ஆண்டு அவருக்குப் பெங்களூரில் வேலை. தங்கி இருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தார். உள்ளே கூத்தாடிப் புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டினார். கொசு குறைந்துவிட்டது.

அதிகாரிகள் சாப்பிடும் விடுதியிலும் இப்படிச் செய்யலாம் என்று பட்டாளத்து அதிகாரி ஒருவரிடம் யோசனை சொன்னார். இயற்கையின் ஏற்பாட்டில் மனிதன் கை வைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போது ராசுக்கே தெரியாது.

பிரெஞ்சு டாக்டர் லாவெரான், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரை அல்ஜீரியாவில் 1880-ம் ஆண்டே கண்டுபிடித்திருந்தார். ராஸ் அதை நம்பவில்லை. தாமே மைக்ராஸ்கோப்பில் தேடிப் பார்த்தார். கண்ணில் படவில்லை. லாவெரான் சொன்னது தவறு, இந்தக் காய்ச்சல் குடலில் இருந்துதான் வருகிறது என்று கட்டுரையும் எழுதினார்! 1894-ம் ஆண்டு விடுமுறையில் லண்டன் போனபோது, டாக்டர் பாட்ரிக் மேன்சன் அந்தக் கிருமியைக் கண்ணெதிரே காட்டினார். ராஸ் அந்த இடத்திலேயே கட்சி மாறினார்.

மேன்சனும் பாதி வழிதான் காட்டினார். நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் உடம்பில் கிருமி வளர்கிறது என்பது அவருடைய ஊகம். அது சரி. ஆனால், அந்தக் கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குக் காய்ச்சல் வருகிறது என்றும் அவர் நினைத்தார். அது தவறு.

1895-ம் ஆண்டு செகந்திராபாத் திரும்பிய ராஸ், கொசு செத்த தண்ணீரைச் சிலருக்குக் காசு கொடுத்துக் குடிக்க வைத்தார். ஒருவருக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. வெற்றி என்று எண்ணினார். பிறகு குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழைகளின் உடம்பில் இப்படிச் சோதனை செய்வதை இந்தக் காலத்தில் யாரும் ஒப்புக் கொள்ள மாட்டார்கள். அந்தக் காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

வேலைக்கு நடுவே மாற்றல் உத்தரவு வந்தது. பெங்களூரில் காலரா. சுகாதார வேலைக்காக அங்கே அனுப்பினார்கள். இரண்டு வருடம் போல ஓடிவிட்டது. 1897-ம் ஆண்டு ஊட்டிக்குப் போய், சீகூர் மலைப் பாதையில் சுற்றியபோது அவருக்கே மலேரியா பிடித்துக் கொண்டது. அதில் ஒரு லாபமும் உண்டு. இறக்கையில் புள்ளி உள்ள ஒருவகைக் கொசுவை அங்கேதான் கவனித்தார்.

கொசுவுக்கு ஓரணா

அதுவரை நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்திருந்தார். எல்லாம் வீட்டில் சாதாரணமாகத் திரியும் வேறு ஜாதிக் கொசுக்கள். அவற்றில் கிருமி இல்லை. கொசு என்ற எண்ணமே தவறா, அல்லது பிடித்த கொசுதான் தவறா? இந்தச் சந்தேகத்தோடு செகந்திராபாத் திரும்பினார்.

ஆகஸ்டு மாதத்தில் உதவியாள் கொண்டு வந்த கூத்தாடிப் புழுக்களில் இருந்து புள்ளி இறக்கைக் கொசுக்கள் பிறந்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளியை 16-ந் தேதி கொசு வலைக்குள் படுக்க வைத்து அவற்றைக் கடிக்க விட்டார்கள். ஒரு கொசுவுக்கு ஓரணா கூலி. பத்துக் கொசு கடித்தது. உசேன் கானுக்குப் பத்து அணா கிடைத்தது. (பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.)

அறையில் தாங்க முடியாத புழுக்கம். பங்கா இழுத்தால் கொசு பறந்துவிடும். அதனால் காற்றும் கிடையாது. நெற்றியில் இருந்து சொட்டிய வேர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. கண்ணாடியில் விரிசல் வேறு. பத்துக் கொசுக்களில் 20-ந் தேதி மிஞ்சியவை மிகச் சில. பகல் ஒரு மணி அளவில் அவற்றில் ஒன்றை அறுத்தார். இரைப்பையின் சுவரில், இருக்கக் கூடாத வட்டமான உயிரணுக்கள் தெரிந்தன. உள்ளே மலேரியா கிருமிக்கே உரிய கறுப்புப் பொடி. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள், ஆனால் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. வளர்கிறது என்றால் உயிர் உள்ளது என்று அர்த்தம். சந்தேகம் தீர்ந்தது.

சர்க்கார் என்ன செய்தது? அடுத்த மாதமே அவரை ராஜபுதனத்துக் கெர்வாராவுக்கு மாற்றியது. அந்த ஊரில் மலேரியாவே அபூர்வம்! மாற்றல் உத்தரவில் அடிபட்டவர்களுக்கு அவருடைய மனம் புரியும்.

சிட்டுக்குருவி சாட்சி

மேன்சனின் சிபாரிசால் 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அங்கே நோயாளிகள் கிடைக்கவில்லை. பிளேக் ஊசி பயத்தால், விரலில் குத்தி ரத்தம் எடுக்க வந்தாலே மக்கள் ஓடினார்கள். ராஸ் பறவைகளிடம் போனார். பறவைகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு.

மூன்று சிட்டுக்குருவிகளை எடுத்துக் கொண்டார். ஒன்றின் ரத்தத்தில் கிருமி இல்லை. அடுத்ததில் ஓரளவு. மூன்றாவதில் ஏராளம். ஒவ்வொன்றையும் கடித்த கொசுக்களில் பத்துப் பத்தை அறுத்து எண்ணினார். முதல் பத்தில் ஒரு உயிரணுவும் இல்லை. இரண்டாவது பத்தில் 292. மூன்றாவதில் 1,009. எவ்வளவு வாதம் செய்தாலும் இந்த மூன்று எண்களை அசைக்க முடியாது.

ஜூலை மாதம் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்வதைக் கண்டார். அந்தக் கொசுக்கள் கடித்த நல்ல குருவிகளுக்கு நோய் வந்தது. ஆகவே குடிக்கும் தண்ணீர் அல்ல, கொசுக்கடிதான் காரணம். மேன்சனின் பாதி ஊகம் அன்றோடு செத்தது. மனிதர் விஷயத்திலும் இதுவேதான் என்பதை, அந்த ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவருடைய கூட்டாளிகளும் அனாபிலிஸ் கொசுவில் முழுமையாக நிரூபித்தார்கள்.

1902-ம் ஆண்டு ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதோடு மனம் ஆறியதா என்றால் இல்லை. கண்டுபிடிப்பு யாருடையது என்று கிராசியோடு ஓயாத சண்டை. வழிகாட்டிய மேன்சனோடும் வழக்கு என்னும் அளவுக்கு மனஸ்தாபம். கொசுவின் வயிற்றில் அவ்வளவு நிதானமாகத் தேடிய மனிதர் இதில் நிதானம் இழந்தார்.

ஆனால் வேலையை விடவில்லை. எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாதே, அப்புறம் என்ன பயன் என்று கேட்டவர்களுக்குக் கணக்குப் போட்டு விடை சொன்னார். எல்லாவற்றையும் ஒழிக்கத் தேவை இல்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் நோய் தானாகத் தேய்ந்துவிடும் என்று 1911-ம் ஆண்டில் எழுதிய புத்தகத்தில் காட்டினார். தொற்றுநோய்க் கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை.

1927-ம் ஆண்டு கல்கத்தா வந்தபோது, தாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மதிலில் எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் தாமே திறந்து வைத்தார். 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார். 1923-ம் ஆண்டில் வெளியான அவருடைய வாழ்க்கை நினைவுகளில், ஓரணா கூலிக்குக் கொசுவலைக்குள் படுத்த உசேன் கானின் பெயரும் இருக்கிறது.