தரங்கம்பாடியும் சீகன்பால்கு ஐயரும்

காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலின் அலைவாய்க் கரையில் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக் கொண்ட கரை அது. 1620ஆம் ஆண்டிலே தஞ்சை இரகுநாத நாயக்கர் அவ்வூரை டென்மார்க்கு நாட்டு வணிகருக்குக் குத்தகையாக அளித்தார். டேனியர் அங்கே தான்சுபோர்க்கு என்னும் கோட்டையைக் கட்டி, மிளகும் துணியும் கொண்டு வாணிகம் நடத்தினர். ஏறத்தாழ எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அவ்வூருக்குப் பொருள் தேடாத இருவர் கப்பலேறி வந்தனர். அவருள் ஒருவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர். அவருடைய வரலாறும், அச்சிற்றூரில் அவர் தோற்றுவித்த லூத்தரன் சபையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன.

இளமை

சீகன்பால்கு ஐயர் ஜேர்மனியின் சக்சனி நாட்டிலுள்ள புல்சுநிட்சு என்னும் சிறு நகரில் 1682இல் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் ஐயர் இளமையிலேயே இழந்தார். இறக்குந் தறுவாயில் தாயார் பிள்ளைகளை அருகழைத்து, தாம் அவர்களுக்குத் தேடிவைத்த செல்வம் வேதப் புத்தகமேயென்றும், அதன் ஏடுகள் தம் கண்ணீரால் நனைந்தவையென்றும் கூறிச் சென்றார் என்பர். அச்சொல் மகனுடைய நெஞ்சில் ஆழப் பதிந்தது.

கேர்லிட்சு, பெர்லின் ஆகிய நகரங்களிற் பயின்ற ஐயர் பின்னர் ஆலே பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே பிராங்கே என்னும் பேராசிரியர் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிக்கூடங்களும் அமைத்து, உள்ளத்தில் உணரப்படாத பக்தி பக்தியன்று என்று போதித்துவந்தார். உடல் நலங்குன்றிப் படிப்பை இடையிலே நிறுத்தியபோதும், ஆலேயில் மூண்ட அந்தத் தீ ஐயருடைய நெஞ்சில் அவியவில்லை. அந்நாளில் டென்மார்க்கு மன்னராயிருந்த நான்காம் பிரெடெரிக்கு தம் ஆட்சிக்குட்பட்ட கீழை நாட்டு மக்களுக்குப் போதகரை அனுப்ப விரும்பினார். ஜேர்மனியிலிருந்து சீகன்பால்கு ஐயரும் அவர் தோழர் என்றி புளூட்சோவும் தெரிவாயினர். இருவரும் கோப்பன்கேகனிலே குருப்பட்டம் பெற்று, 1705 நவம்பரிற் புறப்பட்டு, 1706 யூலை 9ஆந் திகதி தரங்கம்பாடித் துறையை அடைந்தனர்.

வரவேற்பில்லாத வருகை

மன்னர் அனுப்பிய போதகரை மன்னரின் அதிகாரிகளே வரவேற்கவில்லை. மதபோதனை வாணிகத்துக்குக் குந்தகம் விளைக்கும் என்று டேனிய வணிகச் சங்கத்தார் அஞ்சினர். கோட்டைத் தலைவராயிருந்த ஆசியசு என்பவர் வந்தவர்களை நெடுநேரம் காக்க வைத்தார். பின்பு கடைத்தெருவிலே விட்டுவிட்டு அகன்றார். இரக்கங்கொண்ட அலுவலர் ஒருவரே அவர்களுக்குத் தங்க இடந் தேடித் தந்தார். ஐயர் இவ்வுலகில் வாழ்ந்த எஞ்சிய பன்னிரண்டரை ஆண்டுகளுக்கும் இந்நிகழ்ச்சி ஒரு முன்னுரைபோல அமைந்துவிட்டது. அவருக்கு நேர்ந்த பெருந் துன்பங்கள் பல அவர் இனத்தவராலேயே நேர்ந்தன.

சபையின் கொள்கை

தரங்கைச் சபையார் எதனை நம்பினர் என்பதை அறிந்தாலன்றி, ஐயருடைய தமிழ்த்தொண்டின் காரணம் விளங்காது. 1517ஆம் ஆண்டிலே மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்தவர் அவர்கள். மனிதன் தன் புண்ணியச் செயல்களாலன்றி, இறைவனுடைய கிருபையாலே, விசுவாசத்தின் மூலமே நீதிமானாக்கப்படுகிறான் என்பது அவர்தம் தலையாய கொள்கை. திருமுழுக்கு, திருவிருந்து என்னும் இரண்டையுமே அவர்கள் அருட்சாதனங்களாகக் கொண்டனர். வேதப் புத்தகமே சமய உண்மைக்கு அளவுகோல் என்றனர். அந்தப் புத்தகத்தை ஒவ்வொருவனும் தன் தாய்மொழியிலே கேட்டும் வாசித்தும் உணரவேண்டும் என்று வற்புறுத்தினர்.

இந்தக் கடைசிக் கொள்கையை ஒருவன் உண்மையாகவே பற்றிக்கொண்டால், பல கடமைகள் தாமாகவே அவன்மேல் வந்து சேரும். மக்கள் தம் மொழியில் வாசிக்க வேண்டுமாயின் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்க்க அம்மொழியைக் கற்கவேண்டும். மக்களுக்கு எழுத்தறிவு வேண்டுமாயின் பள்ளிக்கூடம் வேண்டும். நூல் பலர் கையிலும் சேர அச்சுக்கூடம் வேண்டும். சீகன்பால்கு ஐயர் இந்தக் கடமைகளுள் ஒன்றையேனும் தட்டிக்கழிக்கவில்லை.

மணலில் எழுதிய மாணவர்

தரங்கையில் அந்நாளிற் போர்த்துக்கீச மொழியும் வழங்கிற்று. புளூட்சோ அதனைக் கற்க, ஐயர் தமிழை மேற்கொண்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்து முதிய உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவர் தம் மாணவரோடு தம் இல்லத்துக்கே வந்து பாடஞ் சொல்லுமாறு செய்தார். இருபத்துநான்கு வயதுடைய அந்த ஐரோப்பியர் சிறுவர்களோடு நிலத்திலமர்ந்து, மணலில் விரலால் அகர முதல் எழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் தமிழர் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்தவர். அவர் சொற்பொருள் விளக்கித் துணைபுரிந்தார். நாள்தோறும் காலையில் முன்பு படித்த சொற்களை மீட்டுப் பார்ப்பதும், பின்பு புலவர் ஒருவரை அருகிருத்தி ஏடுகளை வாசிப்பதும், உணவருந்தும்போதும் ஒருவரைப் படிக்கச்செய்து செவிமடுப்பதும் ஐயருடைய வழக்கமாயின. ஈராண்டுகளுக்குள்ளே இருபதினாயிரம் சொற்கள் கொண்ட அகராதியொன்று அவர் கையில் உருவாயிற்று.

ஏடுகளைத் தேடுவதற்கு அவர் தம் எழுத்தர்களை உள்ளூர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன அந்தணப் புலவர்களின் மனைவியரிடம் கிடந்த சுவடிகள் சிறுவிலைக்குக் கிடைத்தன. இவ்வாறு சேர்ந்த தமிழ்நூல்கள் 119இன் விவரத்தை 1708இல் அவர் ஜேர்மன் மொழியிலே தொகுத்தார். தொல்காப்பியமும் திருக்குறளும் அந்த அட்டவணையில் இடம்பெற்றன. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா என்பவற்றை அதே ஆண்டில் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். தமிழர் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என்றே ஐரோப்பாவிற் பலர் எண்ணியிருந்தனர். தாமும் அவ்வெண்ணத்தோடு வந்தவரே என்பதையும், ஏடுகளைப் படித்தபின் அது மாறியதையும் ஐயர் மறைக்காமல் எழுதினார். தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை அவருடைய குணங்களுள் மிகச் சிறந்தது எனலாம்.

சபையும் சிறையும்

1707 மே மாதத்திலே ஐரோப்பியர் இல்லங்களிலிருந்த அடிமைகள் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். ஆகஸ்டிலே புதிய எருசலேம் என்னும் சிறிய தேவாலயம் எழுந்தது. செப்டெம்பரில் தமிழர் ஒன்பதின்மர் திருமுழுக்குப் பெற்றனர். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள் தோன்றின. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையுங் கிடைத்தன. பெண்மக்கள் எழுதப் படிக்கக் கற்பது அரிதாயிருந்த அக்காலத்தில் இது சிறு செயலன்று.

சபை வளர வளரக் கோட்டைத் தலைவரின் சினமும் வளர்ந்தது. நாவிதர் ஒருவரின் விதவை, தன் கணவனுக்கும் வணிகச் சங்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையிலிருந்த கடன் வழக்கில் நீதி கேட்டு நின்றாள். ஐயர் அவளுக்காகப் பரிந்து மீண்டும் மீண்டும் பேசினார். இதனைக் கலகம் என்று கருதிய ஆசியசு, 1708 நவம்பரில் அவரைச் சிறையிலிட்டார். நான்கு மாதங்கள் அவர் தனியே அடைபட்டிருந்தார். எழுதுவதற்குத் தாளும் மையும் முதலிலே கிடைக்கவில்லை. அவை கிடைத்தபின் சமய நூல்கள் எழுதுவதிலே சிறைநாட்களைக் கழித்தார். அதிகாரிகளோடு பகைத்தால் தம் பணி கெடும் என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும், ஏழைப் பெண்ணொருத்தியின் வழக்கைப் புறக்கணித்துவிட்டுப் பிரசங்க மேடையிலே நீதியைப் பேச அவர் மனம் ஒருப்படவில்லை.

அச்சேறிய வேதம்

சிறைப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஐயர் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச்சிலே அது நிறைவெய்திற்று. இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சியந்திரம் ஒன்றை அனுப்பினர். அதனை ஏற்றிவந்த கப்பல் பிரேசில் கரையிலே பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மீண்டது. அச்சாளரோ வழியிலேயே மாண்டார். ஆலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாய்த் தாளை மிகுதியாகத் தின்றன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி எழுத்து வார்த்தனர் என்பர். அயலூராகிய பொறையாற்றிலே எழுத்துவார்ப்பகமும் காகித ஆலையும் அமைந்தன. 1714இலே நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இலே புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின.

தமிழ் எழுத்து அச்சேறியது இதுவே முதன்முறையன்று. 1578இலேயே கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. ஆயினும், இந்திய மொழியொன்றிற் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சிடப்பட்டது தரங்கையிலேதான். அம்மொழிபெயர்ப்பின் நடை குறையற்றதன்று. செந்தமிழ்ப் புலவராகிய வீரமாமுனிவர் தரங்கை நூல்களின் தமிழைக் கடுமையாக எள்ளினார். அவருடைய குற்றச்சாட்டிலே நியாயம் உண்டு. ஆனால் கற்றறிந்தோர் சுவைக்க வேண்டும் என்பதினும், கல்லாதவரும் கேட்டு விளங்கவேண்டும் என்பதையே ஐயர் முதன்மையாகக் கொண்டார் என்பதையும் நாம் நினைவில் வைத்தல் தகும்.

முடங்கிய நூல்

ஐயருடைய உழைப்பிற் பெரும்பகுதி தமிழரின் சமயத்தை அறிவதிலே சென்றது. தமிழ் அறிஞர்களுக்கு வினாக்களை எழுதி அனுப்பி, அவர்கள் வரைந்த மறுமொழிகளை மொழிபெயர்த்து ஆலேக்கு விடுத்தார். அம்மடல்கள் அங்கே அச்சாயின. 1713இலே தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு கூறும் பெருநூலொன்றை எழுதியனுப்பினார். அதனைக் கண்ட பிராங்கே, போதகர் புறச்சமயத்தைக் களைய அனுப்பப்பட்டவரேயன்றி, அதனை ஐரோப்பாவிற் பரப்ப அனுப்பப்பட்டவரல்லர் என்று கருதி அச்சிட மறுத்துவிட்டார். 150 ஆண்டுகளுக்கு மேலாக அந்நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1867இலே சென்னையில் செர்மன் என்னும் அறிஞர் அதனைப் பதிப்பித்தார். மற்றொரு நூல் 1926இலேதான் ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. தம் கொள்கையினின்று ஐயர் ஒருபோதும் பிறழ்ந்தவரல்லர். பிறர் சமயம் தவறென்றே அவர் கருதினார். ஆயினும், மறுப்பதற்கு முன் அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது அவர் கண்ட முறை. அந்த முறையை அவருடைய ஆசிரியரே விளங்கிக்கொள்ளவில்லை.

இறுதி நாட்கள்

1714இன் இறுதியிலே ஐயர், மலையப்பன் என்னும் தமிழ்த் துணைவரோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். கப்பலிலிருந்தே இலத்தீன் மொழியிலே தமிழிலக்கணமொன்றை எழுதினார். அது 1716இலே ஆலேயில் அச்சாயிற்று. டென்மார்க்கு மன்னரையும் இங்கிலாந்து மன்னரையும் கண்டு பேசினார். மரியா தொரோத்தேயா என்னும் நங்கையை மணந்து, 1716இலே திரும்பினார். வந்ததும் உள்நாட்டு ஆசிரியரையும் உபதேசியாரையும் பயிற்றும் பள்ளியைத் தொடங்கினார். 1718 அக்டோபரிலே, பழைய கோயிலுக்குப் பதிலாகப் பெரிய புதிய எருசலேம் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கோப்பன்கேகனிலே மிசன் அலுவல்களை நடத்திய வெண்டு என்பவர், போதகருக்குக் கட்டடமும் பள்ளியும் எதற்கு, அப்போஸ்தலரைப்போல வெறுங்கையோடு ஊரூராய்ச் சென்று போதிப்பதே முறை என்று கண்டித்து எழுதினார். சிறையாலும் கலங்காத உள்ளத்தை அந்தக் கடிதம் வருத்திற்று. முன்னரே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பெப்ருவரி 23ஆந் திகதி, முப்பத்தாறு வயதிலே சீகன்பால்கு ஐயர் உயிர்நீத்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்து என்னும் நூலளவில் நின்றது. அடுத்த ஆண்டிலே அவருடைய அருமைத் தோழர் கிருண்டலரும் மறைந்தார்.

வித்தும் விளைவும்

கட்டடமும் பள்ளியும் வேண்டா என்ற கருத்துக்குக் காலமே விடையளித்தது. சூல்சு ஐயர் பழைய ஏற்பாட்டை முடித்தார். பப்ரிசியுசு ஐயர் மொழிபெயர்ப்பைத் திருத்திச் செப்பஞ்செய்தார். 1733 டிசம்பரிலே ஆரோன் என்னும் தமிழர் தரங்கையிற் குருப்பட்டம் பெற்றார். இந்தியருள் முதன்முதல் புரட்டஸ்தாந்து குருவானவர் அவரே. தரங்கையிலே பணி தொடங்கிய சுவார்ட்சு ஐயர் 1760இலே இலங்கைக்கும் வந்து போதித்தார். தரங்கையில் தொடங்கிய வேத மொழிபெயர்ப்பு முயற்சி யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்தது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று திருத்திய பதிப்பு 1850இல் வெளிவந்தது.

குறைகளும் இல்லாமலில்லை. ஒரே பந்தியிலே திருவிருந்து உண்ணவேண்டிய சபைக்குள்ளும் சாதி வேற்றுமை நுழைந்தது. ஆலயத்துள் வேறுவேறாக அமரும் வழக்கம் நெடுங்காலம் சபையை வருத்தியது. கிருபையின்முன் யாவரும் சமம் என்று ஓதியோர் அதனை இருக்கையிலே காட்டத் தவறினர் என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை.

1845இலே டேனியர் தரங்கையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். கொடி மாறியது; துறைமுகம் உறங்கிற்று. 1919இலே தமிழ்ச் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தனித்தியங்கத் தொடங்கியபோது, அதன் பேராயர் தரங்கையின் பெயரையே தம் பட்டமாக ஏற்றனர். 2004ஆம் ஆண்டின் கடற்கோள் அவ்வூரையும் தாக்கிற்று. ஈராண்டுகளின்பின், 2006இலே, ஐயர் வந்திறங்கிய முந்நூறாவது ஆண்டு அங்கே கொண்டாடப்பட்டது.

வாணிகத்துக்காக எழுந்த கோட்டை இன்று காட்சிப் பொருளாய் நிற்கிறது. மணலிலே விரலால் எழுதப் பழகிய மாணவர் எழுப்பிய ஆலயத்திலோ, தமிழிலே வேதம் வாசிக்கும் குரல் இன்றும் ஓயவில்லை.