கரம்பன் ஈன்ற தனிநாயகம் அடிகளார்

எமது தீவகத்துக் கரம்பனில் 1913 ஆம் ஆண்டு தோன்றியவர் தனிநாயகம் அடிகளார். ஆங்கிலமே ஓங்கியிருந்த பள்ளிகளிற் கற்று, உரோமாபுரியில் 1938 இல் குருப்பட்டம் பெற்ற அவர், முப்பதை அணுகிய வயதிலேயே வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கணத்தை முறையாகப் பயிலத் தொடங்கினார். பன்மொழி வல்லார்க்கும் அஃது எளிதன்று. பொற்குடம் என ஒலி திரிந்த விடத்துப் பொன்னையும், வந்தனன் என்புழிக் குறுகி நிற்கும் வா என்னும் பகுதியையும் கண்டாலன்றோ பொருள் விளங்கும்! எம் மாணாக்கர் இடறுவதும் இங்கேதான். அப்பயிற்சியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சங்கச் செய்யுளை ஆராயும் தகுதியை அவர்க்கு நல்கியது. பின்னர், புரோயென்சா பாதிரியாரின் 1679 ஆம் ஆண்டுத் தமிழ் போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்து, 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பித்தார். சமயம் வேறாயினும் அவரை எம்மவர் என்றே யாம் கொள்கின்றோம். 1980 இல் அடிகளார் மறைந்தார்.