கல்லுக்கு மோப்ப சக்தி கொடுத்தவர்! - பியர் கியூரியின் கதை

மேரி கியூரியை உங்களுக்கு நல்லாவே தெரியும். அவரோட கணவர் பியர் கியூரி? ரேடியம், நோபல் பரிசு... அதோடு நிறுத்திக்குவோம். ஆனா, உங்க குவார்ட்ஸ் வாட்ச்ல தொடங்கி, காத்துல கலந்த ரசாயன ஆவியை மோப்பம் பிடிக்கும் சென்சார் வரைக்கும் ஆரம்பப் புள்ளி இவர்தான்.

1859-ல் பாரீஸில் பிறந்த பியர், சின்ன வயசுல ஸ்கூலுக்கே போகல. டாக்டரான அப்பா வீட்டிலேயே படிக்கவைத்தார். 18 வயசுல டிகிரி. மேல படிக்கப் பணமில்லாததால், லேப் உதவியாளர் வேலையில் சேர்ந்தார்.

அழுத்தினால் கரன்ட்!

1880. பியருக்கு வயசு 21. அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து குவார்ட்ஸ் மாதிரியான படிகங்களை அழுத்திப் பார்த்தார். மின்சாரம் பிறந்தது! அடுத்த வருஷமே, மின்சாரம் கொடுத்தால் படிகம் லேசா உருமாறும் என்பதையும் நிரூபித்தார்கள். இதுதான் பீசோஎலெக்ட்ரிக் விளைவு.

இதை வெச்சு என்ன செய்றது? அப்போ பெருசா எதுவும் இல்ல. ரொம்பச் சின்ன மின்சாரத்தையும் அளக்கும் கருவி ஒன்றைச் சகோதரர்கள் உருவாக்கினார்கள். பல வருஷம் கழிச்சு, யுரேனியக் கதிர்களை மேரி அளந்தது அந்தக் குவார்ட்ஸ் கருவியில்தான். ரேடியத்துக்கு வழிகாட்டியதே அந்தக் கல்தான்!

1903 நோபல் பரிசுக்கான பரிந்துரையில் மேரியின் பெயரே இல்லை. விஷயம் தெரிந்ததும், மேரியையும் சேர்க்கணும்னு பியர் கடிதம் எழுதினார். பரிசு இருவருக்கும் வந்தது. ரேடியத்துக்கு இருவரும் காப்புரிமைகூட வாங்கவில்லை.

1906 ஏப்ரல் 19. மழையில் சாலையைக் கடந்தவர் மீது குதிரை வண்டி ஏறியது. 46 வயசுல எல்லாம் முடிந்தது.

கல் எப்படி மோப்பம் பிடிக்குது?

மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைக் குழைச்சு அப்புவாங்க, பார்த்திருக்கீங்களா? எடை கூடினால் சுருதி இறங்கும். அதே கதைதான் இங்கேயும். மெல்லிய குவார்ட்ஸ் தகட்டுக்கு மின்சாரம் கொடுத்தால், நொடிக்கு 50 லட்சம் தடவை அதிரும். அதன்மேல் ஒரு ரசாயனப் பூச்சு. காத்துல இருக்கும் ஆவி அந்தப் பூச்சில் ஒட்டினால் எடை கூடும், அதிர்வு குறையும். ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு எடை கூடினாலே போதும், காட்டிக்கொடுத்துடும். எந்த ஆவியைப் பிடிக்கணுமோ, அதுக்கு ஏத்த பூச்சு!

எடைக்கும் அதிர்வுக்குமான கணக்கை ஜெர்மனியின் சாவர்பிரே சொன்னது 1959-ல். பியர் பிறந்து சரியா 100 வருஷம்! 1964-ல் அமெரிக்காவின் வில்லியம் கிங் அதை ஆவி சென்சாராகவே மாற்றினார்.

எதையும் பார்க்க பியர் இல்லை. ஆனா, 21 வயசுல அவர் தட்டி எழுப்பிய கல் இன்னும் துடிச்சுக்கிட்டே இருக்கு, உங்க மணிக்கட்டிலும்!