72 வயதில் ஊசி போட்டுக்கொண்ட டாக்டர்

பரீட்சையில் கேள்வித்தாளை வாங்கும்போது எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். அட்ரினல் சுரப்பியின் வேலை என்று படித்தோம் இல்லையா? அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் விலங்குகள் செத்துப்போகும் என்று 1856-இல் காட்டியவர் டாக்டர் பிரவுன் செக்கார். அவர் கதையைத்தான் எழுதுகிறேன்.

1817-இல் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயியில் பிறந்தார். அப்பா பிரவுன் அமெரிக்கக் கப்பல்காரர். மகன் பிறக்கும் முன்பே கடலில் காணாமல் போய்விட்டார். அம்மாதான் தையல் வேலை செய்து வளர்த்தார். பிற்பாடு அம்மாவின் குடும்பப் பெயரான செக்காரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. எழுத்தாளராகும் ஆசையோடு பாரிஸ் போனவர், டாக்டர் ஆனார்.

தன் உடம்பிலேயே சோதனை செய்வது இவர் வழக்கம். 1854-இல் மொரீஷியஸில் காலரா பரவியபோது, மருந்து கேட்குதா என்று பார்க்க நோயாளியின் வாந்தியையே விழுங்கினாராம்! (சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க.)

1889-இல் அவருக்கு 72 வயது. உடம்பு தளர்ந்துவிட்டது, மூளையும் சீக்கிரம் களைத்தது. நாய், கினிப்பன்றி இவற்றின் விந்தகத்தைத் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். மாடிப்படியில் ஓடி ஏற முடியுது, வெகுநேரம் வேலை செய்ய முடியுது என்று ஜூன் 1 அன்று பாரிஸ் அறிஞர் சபையில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். பலர் அந்த ஊசிக்கு அலைந்தார்கள்.

ஆனால் விந்தகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் அவர் செய்த மாதிரியே சாறு எடுத்து அளந்து பார்த்தார்கள். வேலை செய்யும் அளவுக்கு அதில் ஹார்மோன் இல்லை. அப்போ அவரைப் படியேற வைத்தது எது? அவருடைய நம்பிக்கைதான் போல!

அதற்காக அவரைக் கோமாளி என்று ஒதுக்க எனக்கு மனசு வரலை. சுரப்பிகள் இரத்தத்தில் எதையோ கலக்கின்றன, அது மூளை வரை போய் ஆளையே மாற்றும் என்று அவர் நினைத்தது சரி. 1891-இல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு குறைந்து பேச்சும் யோசனையும் மந்தமான ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அந்த அம்மா பழையபடி சுறுசுறுப்பானார். மருந்தை விடாமல் சாப்பிட்டு இன்னும் 28 வருஷம் வாழ்ந்தார். வெறும் நம்பிக்கை 28 வருஷம் தாங்குமா, சொல்லுங்க!

பிரவுன் செக்கார் 1894-இல் காலமானார். ஹார்மோன் என்ற வார்த்தையே அதற்கப்புறம், 1905-இல்தான் வந்தது.